பெயர் தெரியாத நோய்க்கு மருந்து ஏது?

(தொலைக்காட்சி மன்றத்தில், சாலாக் செலாத்தானில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிர்களுக்கு நோய் தரும் பூஞ்சைகளை இனம் கண்டு வகைப்படுத்துவது பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "இதை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? உடனே சீரியலுக்கு மாற்றிவிடுவார்கள்" என்றார் என் மனைவி. அவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். உங்களில் பலருக்கு இரண்டு ஏக்கரோ நான்கு ஏக்கரோ செம்பனை இருக்கலாம். இல்லாவிட்டால் சொந்தக்காரர் யாருக்காவது இருக்கும். அந்த நிலத்தைப் பற்றிய பேச்சுதான் இது.

நான் பேராசிரியர் அல்லன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பிறகு ஒரு செம்பனை நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தேன். கண்ணாடித் தட்டு கழுவும் வேலையில் சேர்ந்து, நுண்ணோக்கியைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் அதன் வழியாகப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். ஆகவே படித்தவர்கள் கண்டுபிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

நம்மவர்களுக்குப் பெயர்ப் பிரச்சினை புதிதல்ல. வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இருப்பது இன்னொரு பெயர். எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்பதற்காக, அடையாளக் கார்டு வாங்க முடியாமல் பல வருடம் அலைந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆள் ஒருவர்தான். ஆனால் பெயர் தப்பாகிவிட்டால் பள்ளிக்கூடம், வேலை, சேமநிதி என்று எந்தக் கதவும் சுலபத்தில் திறப்பதில்லை. பூஞ்சைக்கும் இதே கதைதான். பெயர் தப்பானால் அதைப் பற்றி உலகம் முழுவதும் எழுதி வைத்திருக்கும் அறிவு நமக்குப் பயன்படாது. இன்னும் மோசமாக, வேறொரு பூஞ்சையைப் பற்றி எழுதியதை நம்முடையது என்று நினைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்போம்.

இனம் பிரிப்பது என்றவுடன் வெள்ளை கோட்டு போட்டவர் ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத நம் தாத்தா பாட்டிமார் அதைத் தோட்டத்தில் தினமும் செய்தார்கள். என் தகப்பனார் வேர் பார்க்கும் கூட்டத்தில் இருந்தவர். விடியற்காலை பிரட்டு முடிந்ததும் மண்வெட்டியோடு வரிசையில் இறங்குவார்கள். ரப்பர் மரத்தின் தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, பக்க வேரைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்ப்பார்கள். வேரின் மேல் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடி, வலை பின்னியது போல் ஒட்டிக்கொண்டிருந்தால் வெள்ளை வேர் நோய். கழுவியதும் சிவப்புத் தோல் போர்த்தியது போல் தெரிந்தால் சிவப்பு வேர் நோய். கழுவினாலும் மண்ணும் மணலும் போகாமல் பொருக்குத் தட்டி நின்றால் பழுப்பு வேர் நோய். மேலே மரத்தைப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே அடையாளம்தான்: இலை வெளுக்கும், உதிரும், ஒருநாள் காற்றில் மரம் சாயும். வேரைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எதற்கு இந்த வித்தியாசம் என்று கேட்கலாம். வெள்ளை வேர் நோய் இளமரங்களில் வேகமாகப் பரவும். ஒரு மரத்தில் கண்டால் பக்கத்து மரங்களை உடனே பார்க்க வேண்டும். சிவப்பு வேர் நோய் மெதுவாக நகரும். எந்த மரத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் தோண்டுவது, எத்தனை மாதத்திற்கு ஒருமுறை பார்ப்பது என்பதெல்லாம் நோயைப் பொறுத்து மாறும். வெள்ளை வேர் நோயை ரப்பர் மரத்தில் 1904ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி பதிவு செய்துவிட்டார். அந்தப் பூஞ்சைக்கு என் தகப்பனார் காலத்தில் போமெஸ் லிக்னோசஸ் என்று பெயர். இன்று ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ். பழுப்பு வேருக்குக் காரணம் பெல்லினஸ் நாக்சியஸ். சிவப்பு வேர் நோயை உண்டாக்குவது கானோடெர்மா பிலிப்பி. இந்தக் கானோடெர்மா என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதையின் வில்லன் அதே குடும்பத்தில் பிறந்த இன்னொருவன்.

இப்போது என் மாமா கதைக்கு வருகிறேன். பந்திங் பக்கம் அவருக்கு நான்கு ஏக்கர் செம்பனை. அதற்கு முன்னால் அது தென்னந்தோப்பு. தென்னையை வெட்டிச் சாய்த்து, கட்டைகளை அங்கேயே வரிசைக்கு நடுவில் போட்டுவிட்டுச் செம்பனை நட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மரத்திற்கு எட்டு வயதானபோது சில மரங்களில் குருத்து விரியாமல் மூன்று நான்காகச் சேர்ந்து, ஈட்டி நட்டது போல் நின்றது. அடி மட்டைகள் ஒடிந்து பாவாடை போல் தொங்கின.

"உரம் போதவில்லை" என்றார் ஒரு மருந்துக்காரர். மாமா கீசரைட் வாங்கிப் போட்டார். மாறவில்லை. "பூச்சி" என்றார் இன்னொருவர். அதற்கும் தெளித்தார். பிறகு "குலாட்" என்று சொல்லி ஒரு மருந்தைத் தூரில் ஊற்றச் சொன்னார்கள். குலாட் என்றால் மலாயில் பூஞ்சை என்று அர்த்தம். அதாவது, நோய்க்குக் காரணம் ஒரு மிருகம் என்று சொல்வது போல. எந்த மிருகம்? பூனையா, புலியா? அதை யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மரத்தின் அடியில் பளபளவென்று செம்பழுப்பு நிறத்தில், வெள்ளை விளிம்போடு, கை அகலத்திற்கு ஒரு காளான் முளைத்தது. மாமா அதைப் பாராங்கத்தியால் தட்டி எறிந்துவிட்டு, நோய் வெளியே வந்துவிட்டது, இனி மரம் தேறிவிடும் என்று நினைத்தார்.

அந்த மரம் மறு மழைக்காலத்தில் சாய்ந்தது. வெட்டிப் பார்த்தோம். அடித்தண்டில் பாதிக்கு மேல் உளுத்துப்போய், கையால் பிய்த்தால் நாராக வந்தது. அந்தக் காளான் வெளியே தலைகாட்டும்போது உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மாமா அன்று தரையில் உட்கார்ந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செலவழித்த காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இரண்டு வருடத்தில் பக்கத்து மரங்களுக்கும் வந்துவிட்டது.

இந்த நோயை அடித்தண்டு அழுகல் என்கிறோம். காரணம் கானோடெர்மா போனினென்ஸ். நம் நாட்டில் ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் செம்பனை இருக்கிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 2009இல் எடுத்த கணக்கில், இந்த நோய் கண்ட பரப்பு சுமார் 59,000 ஹெக்டேர், அதாவது கணக்கெடுத்த பரப்பில் ஏறத்தாழ 3.7 விழுக்காடு. பெரிய நிறுவனத்திற்கு அது விழுக்காடு. நான்கு ஏக்கர்காரருக்கு அது அடுத்த மாத வருமானம்.

இந்தப் பூஞ்சைக்குச் சரியான பெயர் கிடைக்க நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலாயாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில் உள்ள ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது இந்தப் பெயர்ப் பொருத்தம் எனக்கு ஏதோ சகுனம் போலத் தோன்றும். 1931இல் விவசாய இலாகாவின் பூஞ்சை நிபுணர் தாம்சன் செம்பனையின் தண்டு அழுகலைப் பற்றி எழுதினார். வயது முதிர்ந்த மரங்களில்தான் அது வந்தது. காரணமான பூஞ்சைக்கு கானோடெர்மா லூசிடம் என்று பெயர் சொல்லப்பட்டது. கிழட்டு மரம் சாவது இயற்கைதானே என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இந்த லூசிடம் யார்? 1781இல் வில்லியம் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர், லண்டனை அடுத்த பெக்கம் என்ற இடத்தில் கிடைத்த ஒரு காளானுக்கு வைத்த பெயர் அது. முதலில் பொலீட்டஸ் என்ற பேரினத்தில் வைத்தார். நூறு ஆண்டு கழித்து 1881இல் கார்ஸ்டன் என்ற பின்லாந்துக்காரர் கானோடெர்மா என்ற பேரினத்தை உண்டாக்கினார். கிரேக்க மொழியில் பளபளக்கும் தோல் என்று பொருள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. வார்னிஷ் பூசியது போல் மினுங்கும் மரக்காளான் எங்கே கண்டாலும், ஐரோப்பாவோ சீனாவோ மலாயாவோ, லூசிடம் என்று எழுதிவிட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே முகமாகத் தெரிந்தது போல!

முழுக்க அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தக் காளான் ஒரே மாதிரி இருப்பதில்லை. இளசாக இருக்கும்போது வெள்ளை உருண்டை. பிறகு காம்பு வரலாம், வராமலும் போகலாம். மழையில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். ஒரே மரத்தில் முளைத்த இரண்டு காளானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்று சத்தியம் செய்வீர்கள். இரண்டு வேறு இனத்தை வைத்தால் அண்ணன் தம்பி என்பீர்கள்.

1950களுக்குப் பிறகு நிலைமை மாறியது. மறுநடவு செய்த இடங்களில் பத்து, பதினைந்து வயது மரங்களே விழ ஆரம்பித்தன. பழைய தென்னந்தோப்புகளில், குறிப்பாகக் கடலோரக் களிமண் நிலத்தில், இன்னும் இளம் மரங்கள் விழுந்தன. 1961இல் நவரத்தினம் என்ற ஆய்வாளர், இந்தப் பூஞ்சையைத் தனியாக வளர்த்து, அதைக் கொண்டு செம்பனையில் நோயை உண்டாக்க முடிந்தது என்று வேளாண் சஞ்சிகையில் எழுதினார். இது சாதாரண விஷயமல்ல. செத்த மரத்தில் ஒரு காளான் இருக்கிறது என்பதால் அதுதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. பிணத்தின் பக்கத்தில் நிற்கிறவன் எல்லாம் கொலைகாரனா? நோயுற்ற மரத்தில் இருந்து பூஞ்சையைப் பிரித்து, தூயதாக வளர்த்து, நல்ல செடிக்குக் கொடுத்து, அதே நோய் வந்து, அதில் இருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்போதுதான் குற்றம் நிரூபணம் ஆகும். ஆனால் அவருடைய கட்டுரைத் தலைப்பிலும் லூசிடம் என்றுதான் இருந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான், வழக்குத் தாளில் மட்டும் வேறொருவன் பெயர்.

1967இல் ஸ்டேயார்ட் என்ற பெல்ஜிய அறிஞர் பனைக் குடும்ப மரங்களில் வளரும் கானோடெர்மாக்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து பல சிற்றினங்களாகப் பிரித்தார். அவற்றில் ஒன்றுதான் போனினென்ஸ். ஜப்பானுக்குச் சொந்தமான போனின் தீவுகளில் எடுத்த காளானுக்கு பட்டூயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1889இல் வைத்த பெயர் அது. 1981இல் டர்னர் எழுதிய நூலில் உலகம் முழுவதும் செம்பனை நோயோடு சம்பந்தப்பட்டதாகப் பதினைந்து கானோடெர்மா பெயர்கள் வந்தன. பதினைந்து! எதை நம்புவது? 1985இல் ஹோவும் நவாவியும், செர்டாங்கில் இருந்து வரும் பெர்த்தானிக்கா ஆய்விதழில், தீபகற்ப மலேசியாவில் தாங்கள் ஆராய்ந்த மாதிரிகள் எல்லாம் ஒரே இனம், போனினென்ஸ்தான் என்று எழுதினார்கள். அதோடு முடிந்ததா? இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் செம்பனை எண்ணெய் வாரியத்தின் இட்ரிஸ் அபு செமான் குழுவினர், நம் செம்பனைகளில் நான்கு இனம் இருப்பதைக் காட்டினார்கள்: போனினென்ஸ், சோனாட்டம், மினியாட்டோசிங்க்டம், டோர்னாட்டம். முதல் மூன்றும் நோய் உண்டாக்கின. அதில் போனினென்ஸ்தான் கொடியது. நான்காவதான டோர்னாட்டம் செத்த கட்டையைத் தின்று பிழைக்கிறது. உயிருள்ள மரத்திற்கு அதனால் நோய் வரவில்லை.

சரி, இவ்வளவு அலசி என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது.

ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடும் தோட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். 1960களில் இருந்து நம் நாட்டில் லட்சக்கணக்கான ஏக்கர் அப்படி மாறியது. நான் முதலில் சொன்ன சிவப்பு வேர் நோய்ப் பூஞ்சை அந்த ரப்பர் கட்டைகளில் இருக்கலாம். அதுவும் கானோடெர்மாதான். பேரினப் பெயரை மட்டும் கேட்டால் பயந்துவிடுவார். ஆனால் பிலிப்பி தேடிப் போவது ரப்பர், தேயிலை போன்ற கட்டை மரங்களை. செம்பனையின் அடித்தண்டு அழுகலுக்குக் காரணமாக அறியப்பட்டது அதுவல்ல. தென்னந்தோப்பை அழித்து நடுபவருடைய நிலைமையோ தலைகீழ். தென்னைக்குப் பெரிய தொல்லை கொடுக்காமல், அதன் செத்த கட்டையில் குடியிருக்கும் போனினென்ஸ், செம்பனை வேர் வந்து தொட்டதும் அதில் ஏறிக்கொள்ளும். ஒரே பேரினம்தான், ஆனால் ஒருவருக்குத் தேவையில்லாத செலவு, இன்னொருவருக்குத் தவிர்க்க முடியாத செலவு. இந்த முடிவைச் சிற்றினப் பெயர் தெரியாமல் எடுக்க முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் தீர்மானமாகும் முன்பே, பழைய கட்டையைத் தோண்டி எடுத்தால் நோய் குறைகிறது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் இருந்தார்கள். கங்காணிமார்களுக்கே அது தெரிந்திருந்தது. ஆனால் தோண்டச் செலவாகும். 'உறுதியாகத் தெரியாத விஷயத்திற்கு ஏன் செலவு?' என்று கேட்கும் நிர்வாகத்திடம் கங்காணியின் அனுபவம் எடுபடவில்லை. நிபுணர் அறிக்கையில் பெயர் எழுத்தில் வந்த பிறகுதான் எடுபட்டது. இது எனக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம்தான்.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிப் பிரிக்கிறோம்? காளானின் அடிப்பக்கத்தைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் இரவு முழுவதும் வைத்தால், காலையில் கோக்கோ மாவு போலப் பழுப்புத் தூள் கொட்டியிருக்கும். அதுதான் ஸ்போர், பூஞ்சையின் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை வடிவம், ஒரு முனை நறுக்கியது போல மொட்டையாக இருக்கும். சுவர் இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவே குட்டிக் குட்டித் தூண்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது, ஒரு தூசிக்குள் இவ்வளவு கட்டட வேலையா என்று நான் வாயைப் பிளந்துவிட்டேன். கானோடெர்மா என்று சொல்ல இந்த இரட்டைச் சுவர் போதும். எந்தச் சிற்றினம் என்று சொல்லத்தான் நீளம், அகலம், காளானை வெட்டினால் உள்ளே தெரியும் நிறம், துளைகளின் அளவு என்று பலவற்றை அளந்து, பழைய மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். முதலில் பெயர் வைத்தவர் எதைப் பார்த்து வைத்தாரோ அந்த உலர்ந்த காளானைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதுதான் அசல் பத்திரம். மற்றதெல்லாம் நகல்.

ஆனால் காளான் வரும்வரை காத்திருந்தால் மாமா கதைதான். அதனால் 1990களின் தொடக்கத்தில், மரத்தைத் துளைத்து எடுத்த தூளில் இருந்து கானோடெர்மாவை மட்டும் வளரவிடும் ஊடகத்தை இங்கேயே உருவாக்கினார்கள். பிறகு மரபணுச் சோதனை வந்தது. இதில் இன்னொரு பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. நோய் ஒரு மரத்தின் வேரில் இருந்து பக்கத்து மர வேருக்குத்தான் போகிறது என்று நினைத்திருந்தோம். அப்படியானால் பக்கத்துப் பக்கத்து மரங்களில் ஒரே பூஞ்சை உடல் இருக்க வேண்டும். 1990களின் கடைசியில் மலேசியத் தோட்டங்களில் சோதித்தபோது, அடுத்தடுத்த மரங்களில் இருந்தவை ஒரே இனம், ஆனால் தனித்தனி ஆட்கள் என்று தெரிந்தது. அப்படியென்றால் காற்றில் பறக்கும் ஸ்போருக்கும் பங்கு இருக்கிறது. மரத்தடிக் காளானை வெட்டி அப்படியே போட்டுவிட்டுப் போவது ஏன் கூடாது என்று இப்போது புரிகிறதா?

இந்தப் பெயர் சூட்டும் வேலையில் நம் தமிழர் பங்கு பெரிது என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. எஸ். சதாசிவன் பயிர்நோய் ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய பள்ளியையே உருவாக்கினார். அவரிடம் பயின்ற சி. வி. சுப்பிரமணியன், பூசணம் போல் வளரும் ஹைப்போமைசீட்ஸ் என்ற பெரும் கூட்டத்தை, அவை ஸ்போரை உண்டாக்கும் விதத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று 1962இல் ஒரு முறையை முன்வைத்தார். 1971இல் வெளிவந்த அவருடைய இந்திய ஹைப்போமைசீட்ஸ் நூலை இன்றும் புரட்டுகிறார்கள். இலங்கைத் தமிழரான ஆ. சிவநேசன் லண்டன் கியூவில் இருந்த காமன்வெல்த் பூஞ்சையியல் நிலையத்தில் பணியாற்றினார். புல் இனப் பயிர்களில், அதாவது நெல், சோளம், கரும்பு முதலியவற்றில் நோய் உண்டாக்கும் பைபோலாரிஸ், கர்வுலாரியா போன்ற பூஞ்சைகளை வகைப்படுத்தி 1987இல் அவர் வெளியிட்ட நூல், ஆய்வுக்கூட மேசையில் இருக்க வேண்டிய நூல்.

நாம் சாப்பிடும் சோற்றுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் உண்டு. நெல்லில் பழுப்புப் புள்ளி நோய் உண்டாக்கும் பூஞ்சைக்கு 1900இல் ஜாவாவில் ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்று பெயர் வைத்தார்கள். 1943 வங்காளப் பஞ்சத்திற்கு முந்தைய பருவத்தில் நெல்லை அழித்தது இதுதான் என்று எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதினார். பஞ்சத்திற்கு நோயை விட ஆட்சியாளர்களின் விநியோகக் கோளாறே காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் வயலில் நோய் இருந்தது உண்மை. அதே பூஞ்சை பிறகு ட்ரெக்ஸ்லெரா ஒரைசே ஆனது, பைபோலாரிஸ் ஒரைசே ஆனது. அது ஆண் பெண் சேர்க்கையில் உண்டாக்கும் வடிவத்திற்கு கொக்லியோபோலஸ் மியாபியானஸ் என்று வேறு பெயர். ஒரே ஆளுக்கு நான்கு பெயர்! 2011இல் மெல்பர்னில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டில்தான் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான் என்று விதியை மாற்றினார்கள். பழைய புத்தகத்தில் ஒரு பெயரையும் புதிய மருந்து டப்பாவில் இன்னொரு பெயரையும் பார்த்துக் குழம்பும் விவசாயி, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள யாரையாவது கேட்கத்தான் வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒளிப்பதிவுக்கு முன்னால் அரங்கில் இருக்கும் ஓர் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, லிங்ஷி காப்பி, லிங்ஷி மாத்திரை என்று விற்கிறார்களே, அதுவும் கானோடெர்மாதானே? செம்பனையில் முளைப்பதைக் காயவைத்துக் கொதிக்க வைத்துக் குடித்தால் என்ன?" நல்ல கேள்வி. அம்மா, தயவு செய்து குடிக்காதீர்கள். கடையில் விற்கும் லிங்ஷி மருந்துக்கென்று வளர்க்கும் வேறு சிற்றினம். அதையே பல காலம் லூசிடம் என்று தவறாக அழைத்துவிட்டு, 2012இல்தான் சீன ஆய்வாளர்கள் அது ஐரோப்பிய லூசிடம் அல்ல என்று காட்டி கானோடெர்மா லிங்ஷி என்று தனிப் பெயர் வைத்தார்கள். அதற்கும் முன்னால் வைத்த இன்னொரு பெயர்தான் செல்லும் என்று இன்னும் தகராறு நடக்கிறது. அது நல்லதா இல்லையா என்பது டாக்டரிடம் கேட்க வேண்டியது. நான் சொல்வது, பெயர் பாதி ஒத்துப்போகிறது என்பதற்காக மரத்தடியில் இருப்பதைச் சட்டியில் போடக் கூடாது. அந்த மரத்தடியில் எத்தனை வருடம் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, செய்ய வேண்டியது. நோய் முற்றிய மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தூரில் மண் அணைத்தால், சில மருந்தை ஊசி போல் செலுத்தினால், கொஞ்ச காலம் குலை தள்ளும், அவ்வளவுதான். யாராவது உறுதியாகக் குணமாகும் என்று சொல்லி விற்றால் காசை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள். மறுநடவு செய்யும்போது பழைய கட்டையைத் தூரோடு தோண்டி, நறுக்கிக் காயப்போடுவதுதான் பெரிய தற்காப்பு. ஓரளவு தாங்கும் கன்றுகளும் இப்போது வந்திருக்கின்றன. முழுக்கத் தாங்கும் கன்று வரவில்லை.

சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்துக் கேளுங்கள். காளான் இருந்தால் ஒட்டியிருக்கும் மரத்துண்டோடு வெட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வியர்த்து அழுகி வேறு பூசணம் ஏறிவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். இந்தப் பக்கத்தில் சுற்றினாலும் சரி. தாளின் மேல் தேதி, ஊர், மரத்தின் வயது, பக்கத்தில் எத்தனை மரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செம்பனைக்கு முன்னால் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். தென்னையா, ரப்பரா, பழைய செம்பனையா? நிபுணர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். கம்யூட்டர் ரயிலில் எங்கள் சாலாக் செலாத்தானில் ஏறினால், இரண்டாவது நிலையம் செர்டாங். அந்தப் பக்கத்தில் முன்பு விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது, மார்டி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி பாங்கியில் செம்பனை எண்ணெய் வாரியம்.

மாமாவின் நிலத்தில் இப்போது மறுநடவு முடிந்துவிட்டது. இந்த முறை கட்டைகளைத் தோண்டி எடுக்க இயந்திரத்திற்குக் கொடுத்த வாடகையைப் பற்றி என்னைப் பார்க்கும் போதெல்லாம் முணுமுணுக்கிறார். கன்றுக்கு நான்கு வயது. மாதம் ஒருமுறை போய்த் தூரைக் குனிந்து பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை ஒன்றும் இல்லை.